எம்.எஸ்.டபிள்யூ.வா, கவுன்சலிங்கா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்ஸி. கணிதம் கடைசி செமஸ்டர். வீடு திருப்பாதிரிப்புலியூர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து பெண்ணையாறு ஊருக்குள் புகுந்ததே, அப்போது என்.எஸ்.எஸ். சார்பில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான்கு நாள் இருந்தேன். பாயும் பால் பவுடரும் எடுத்துக் கொடுப்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. மூன்றாம் நாள் ஓர் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார். வெள்ளத்தைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. மீதியெல்லாம் இருபது வருடத்துக் கதை. நான் “ம்” மட்டும்தான் சொன்னேன். போகும்போது “நல்லா இருப்ப கண்ணு” என்றார்.

அதிலிருந்து இந்தப் பக்கம்தான் படிக்க வேண்டும் என்று இருக்கிறேன். எந்தப் படிப்பு என்பதில்தான் குழப்பம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்பதா, கவுன்சலிங் சைக்காலஜியா (ஆலோசனை உளவியல்)? க்யூட் பி.ஜி. (மத்தியப் பல்கலைக்கழக முதுகலை நுழைவுத் தேர்வு) இரண்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். காலாப்பட்டில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையும் இருக்கிறது, பயன்பாட்டு உளவியல் துறையும் இருக்கிறது. அப்பா திருப்பாதிரிப்புலியூரில் பூக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே கேள்விதான்: “முடிச்சா வேலை இருக்குமா?”

வாத்தியார் வீடு

இரண்டுமே வேண்டாம் பாப்பா. கணிதம் படித்திருக்கிறாய், பி.எட். போடு. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுது. ஊர்க் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அரிசி வாங்க முடியாது.

பலாச்சுளை

வாத்தியார் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். நான் பண்ருட்டி. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசராக (தொழிலாளர் நல அலுவலர்) இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ.வில் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான பாடம். இரண்டாம் வருடம் பிரிவு எடுக்க வேண்டும். சமுதாய மேம்பாடு, மருத்துவ – மனநலச் சமூகப்பணி, அப்புறம் ஹெச்.ஆர். (மனிதவளம்) என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு மேல் ஹெச்.ஆர்.தான் எடுத்தோம். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், சம்பளம்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி 500 தொழிலாளர் இருந்தால் வெல்ஃபேர் ஆபீசர் வைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதை 250 ஆக்கிவிட்டார்கள். சிப்காட்டும் நெய்வேலியும் இருக்கிற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கவுன்சலிங் படித்தால் இந்தக் கதவு திறக்காது. ஒரே டிகிரியில் மூன்று நான்கு பக்கம் போகலாம் என்பதுதான் எம்.எஸ்.டபிள்யூ.வின் பலம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெச்.ஆரில் அந்த முகாம் அம்மா மாதிரி யாராவது வந்து உட்காருவார்களா?

பலாச்சுளை

வருவார்கள். ஆனால் அவர் நிர்வாகத்தைப் பற்றிச் சொல்வார், நீ நிர்வாகத்திடம்தான் சம்பளம் வாங்குவாய். அந்த இடத்தில் எப்படி நிற்பது என்று எனக்குப் பன்னிரண்டு வருடமாகியும் பிடிபடவில்லை. சரி, இது வேறு கதை.

மஞ்சை மைதானம்

நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன், வேலையின் பெயர் கவுன்சலர்! நம்பிக்கை மையத்தில் இருக்கிறேன் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்). இந்தக் குழப்பமே எங்கள் துறையின் லட்சணம் தங்கச்சி. வேலை அறிவிப்புகளை நீயே எடுத்துப் பார். நம்பிக்கை மையத்துக்குச் சமூகப்பணி, உளவியல், சமூகவியல் எது படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். சகி ஒருங்கிணைந்த சேவை மையம் (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கானது), மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, போதை மறுவாழ்வு மையங்கள், எல்லா அறிவிப்பிலும் இந்த இரண்டு டிகிரியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், சமூகப்பணியாளர் என்று வருகிற இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குத்தான் முதல் இடம். சி.பி.எஸ்.இ. பள்ளிக் கவுன்சலர் வேலையில் கதை தலைகீழ். அங்கே பெரும்பாலும் சைக்காலஜிதான் கேட்பார்கள்.

அப்பாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். நான் சேர்ந்த வருடம் கையில் வாங்கியது பதிமூன்றாயிரம். ஒவ்வொரு மார்ச் மாதமும் “அடுத்த வருஷம் ரினீவல் வருமா” என்று வயிற்றைக் கலக்கும். எட்டு வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் மார்ச் வந்தால் கலக்குகிறது.

லாஸ்பேட்டைவாசி

நான் கவுன்சலிங் பக்கத்து ஆள். புதுச்சேரியில் சின்னதாக ஓர் அறை எடுத்துத் தனியாகப் பார்க்கிறேன். தங்கச்சி ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சைக்காலஜியில் எம்.எஸ்ஸி. முடித்தால் நீ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) ஆகிவிட மாட்டாய். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். இத்தனை வருடமாக அது இரண்டு வருட எம்.ஃபில்.லாக இருந்தது. எம்.ஃபில்.லையே நிறுத்துகிற கணக்கில் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025–26 வரை சேர்க்கைக்கு விலக்குக் கொடுத்தது. ஆகவே “எம்.எஸ்ஸி., அப்புறம் எம்.ஃபில்.” என்று சீனியர் அக்காக்கள் சொல்லும் பழைய பாதையை நம்பி இறங்காதே. சேர்கிற வருடம் ஆர்.சி.ஐ. பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்.

கவுன்சலர் என்ற பெயரையோ இந்த நாட்டில் இன்று யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் தெருவிலேயே ஜாதகமும் கவுன்சலிங்கும் ஒரே போர்டில் இருக்கிறது! 2021-இல் வந்த துணைநிலைச் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உளவியலாளர், ஆலோசகர், மருத்துவ – மனநலச் சமூகப்பணியாளர் எல்லோரும் இருக்கிறார்கள். அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் இரண்டு கூட்டமும் ஒரே பதிவேட்டுக்குள் போகும். அதுவரை பெயருக்குப் பாதுகாப்பு இல்லை, நம் வேலைக்கு நாமேதான் பொறுப்பு.

கெடிலக்கரை

அண்ணாமலையில் தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி போட்டுவிட்டு இங்கேயே ஒரு வேலைக்குப் போகலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணி சொன்னார். அது சரியாக வருமா?

லாஸ்பேட்டைவாசி

வராது. அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் மேலே சொன்ன சட்டத்துக்குள் வரும் படிப்புகளை, சைக்காலஜியையும் சேர்த்துத்தான், 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. கடலூர், விழுப்புரம் பக்கம் டீச்சர்களும் நர்சுகளும் அப்படித்தான் ஏராளமாகப் படித்தார்கள், அவர்களுக்கு இது இழப்புதான். ஆனால் எதிரில் மனுஷனை உட்கார வைக்காமல் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதும் நிஜம். நானே முதலில் தபாலில் ஒரு டிப்ளமோ முடித்தவள்தான். முதல் ஆள் எதிரில் வந்து அழுதபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் டம்ளரில் தண்ணீர் நீட்டுவது மட்டும்தான்.

வாத்தியார் வீடு

அதைத்தானே நானும் செய்வேன், காசு வாங்காமல்!

லாஸ்பேட்டைவாசி

தண்ணீர் நீட்டுவதில் சிக்கல் இருக்கிறது சார். அழுகையைப் பார்க்க நமக்குத் தாங்கவில்லை என்பதால்தான் பல நேரம் நீட்டுகிறோம். “போதும், நிறுத்து” என்று சொல்வதற்கு அது மரியாதையான வழி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.எஸ்ஸி.யில் ஒரு முழு செமஸ்டர் ஆனது. பேசியதை எழுதி, மேற்பார்வை செய்யும் ஆசிரியர் முன்னால் வரிக்கு வரி படித்து, “இந்த இடத்தில் ஏன் அவசரமாகக் கேள்வி கேட்டாய்?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றது. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் சொன்ன நிபந்தனையற்ற ஏற்பு (எதிரில் இருப்பவரை எடை போடாமல் ஏற்பது) என்பதைப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிவிடலாம். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் எதிரில் வந்து உட்காரும்போது அதைக் காப்பாற்றுவதுதான் பாடு.

வேலைக்கு ஆள் தேவை இல்லையா என்றால், 2022-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. தேவைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் தேவை இருக்கிறவர் என் அறைக்கு வருவதில்லை. வருகிறவர்கள் ஃபீஸ் கொடுக்க முடிகிறவர்கள். முதல் வருடம் மாதம் நான்கு பேர் வந்தால் அதிகம். அறை வாடகையை என் வீட்டுக்காரர்தான் கட்டினார். இதையும் அப்பாவிடம் சொல்.

உப்பங்கழி

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு பெரிய மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர். எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு இறங்கிய வேலை 2005-இல் சுனாமி தற்காலிகக் குடியிருப்புகளில். தார் ஷீட் போட்ட கொட்டகை, மே மாத வெயில், உள்ளே உட்கார்ந்து யாருக்கும் கவுன்சலிங் செய்ய முடியாது. வெளியே வந்தால் ஊரே சுற்றி நிற்கும். ரகசியம் காக்க வேண்டும் என்று வகுப்பில் படித்ததை அங்கே எப்படிச் செய்வது? தண்ணீர்க் குழாயடிக்குக் குடத்தோடு கூடவே நடப்பேன். நடக்கிற நேரம்தான் எங்கள் கவுன்சலிங் அறை.

எம்.எஸ்.டபிள்யூ.வில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, இரண்டு வருடமும். அதற்கு மேல் ஊரக முகாம், கடைசியில் ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பயிற்சி). தனிநபர், குழு, சமுதாயம் என்று மூன்று மட்டத்திலும் வேலை செய்யப் பழக்குவார்கள். நல்ல துறையில் படித்தால் தாசில்தார் அலுவலகத்தில் எந்த மேஜையில் எந்தக் காகிதம் தூங்கும் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். மோசமான இடத்தில் மாட்டினால் களப்பணி என்பது ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுவதோடு சரி. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சிலர், போகாத வீட்டுக்கு ஹோம் விசிட் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சேருமுன் சீனியர்களிடம் ஒரே கேள்வி கேள்: “உங்க ஃபீல்டு ஒர்க்க யார் பார்த்தாங்க, எத்தனை தடவ பார்த்தாங்க?” முதலில் சிரிப்பு வந்தால் அங்கே சேராதே.

ஒரு கேஸ் சொல்கிறேன். ஊரையும் விவரத்தையும் மாற்றியிருக்கிறேன்.

முப்பது வயதுப் பெண். தலைவலி, படபடப்பு, தூக்கமே இல்லை. ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வார்டிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள். புருஷன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர். போட்டு திரும்பியது, அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருக்கிறது. மாமியார் தினம் ஒரு பிடி சோறு எடுத்து வைக்கிறார். விதவை உதவித்தொகைக்குப் போனால் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாமல் போனால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராகக் கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு, புதிய சட்டத்திலும் அதே ஏழு வருடம்தான். அவர் பெயரில் இருந்த வங்கிப் பணம் அசையவில்லை. மகனைப் பள்ளியில் சேர்க்கிற படிவத்தில் தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள்.

காவல் நிலையத்தில் காணவில்லை என்று பதிவான நகல், மீன்வளத்துறைக் கடிதம், ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் (பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் கிடைக்கும்), பையனுக்கு விடுதி. ஏழு வருடத்தில் அந்தக் கோப்பு இரண்டு அங்குலம் தடித்துவிட்டது. கடைசியில் நீதிமன்ற உத்தரவும் வந்தது, சான்றிதழும் வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, நல்லவேளை வாங்கவில்லை.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ நான் கையெழுத்துப் போட்டுதானேக்கா அவரு செத்தாரு?”

என்னிடம் பதில் இல்லை. மற்றவர்கள் சொல்வதைப் போல “அப்படியெல்லாம் நினைக்காதம்மா” என்று சொல்லி அனுப்பினேன். கோப்பை முடித்துக் கட்டினேன். தலைவலி நிற்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மஞ்சை மைதானம்

அக்கா…

லாஸ்பேட்டைவாசி

உப்பங்கழி அக்கா, இதற்குப் பதில் எழுத ஒரு நாள் ஆனது.

உடல் கிடைக்காத சாவுக்குத் துக்கம் முடிவதில்லை. பாலீன் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். அழுதால் அவரைக் கொன்றதாகும், அழாவிட்டால் ஏமாற்றிக்கொள்வதாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவளிடம் “ஏத்துக்கோ” என்று சொல்லக் கூடாது. அவர் இல்லை, இருந்தாலும் இருக்கலாம், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாழப் பழக்குவதுதான் வேலை. அவள் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து என் வேலை ஆரம்பித்திருக்கும். “கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டிருப்பேன். மாமியார் வைக்கிற சோற்றைப் பற்றிக் கேட்டிருப்பேன். அந்தச் சோறு அவர்கள் வீட்டின் சடங்கு, அதை யாரும் பிடுங்கக் கூடாது.

ஆனால் நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் மாதமே அவள் என்னிடம் வந்திருந்தால் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருப்பேன். காவல் நிலையத்தில் பதிவு செய்தாயா என்று கேட்கவே எனக்குத் தோன்றியிருக்காது. ஏழு வருடம் கழித்துக் காட்ட ஒரு காகிதமும் இருந்திருக்காது. பிள்ளைக்கு விடுதியும் கிடைத்திருக்காது.

பலாச்சுளை

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வயிறு காய்கிறவளிடம் மூச்சுப் பயிற்சியா?

லாஸ்பேட்டைவாசி

சார், அவள் வயிறு நிறைந்த பிறகும் தூங்கவில்லை. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

தூரதேசம்

நெல்லிக்குப்பத்தில் பிறந்து இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே நிலைமை வேறு, வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைப் படி. அமெரிக்காவில் மனநலப் பேச்சுச் சிகிச்சையை எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களும் செய்கிறார்கள், கவுன்சலிங் முடித்தவர்களும் செய்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ.வில் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி. கவுன்சலிங்கில் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 60 கிரெடிட், அதற்குள் 100 மணி நேரம் செய்முறை, 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப். அதற்குப் பிறகு மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை, தேர்வு, மாநில உரிமம். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இந்த மாநிலத்து உரிமத்தோடு அடுத்த மாநிலத்தில் போய் உட்காரப் பெரும்பாலும் முடியாது.

முதியோருக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர், சமூகப்பணியாளருக்குப் பல ஆண்டுகளாகப் பணம் கொடுக்கிறது. கவுன்சலர்களுக்கு 2024 ஜனவரி 1-இல்தான் அந்த வாசல் திறந்தது. அதனால் இங்கே பலர் சிகிச்சை செய்கிற ஆசையில்தான் எம்.எஸ்.டபிள்யூ.வையே எடுக்கிறார்கள். ஊரில் ஹெச்.ஆர். ஆசையில் எடுக்கிறார்கள். இரண்டையும் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சொல்தா பேரன்

புதுச்சேரியில் எங்களைப் போலப் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் நிறைய உண்டு, அவர்களுக்காக ஒரு வரி. பிரான்சில் சைக்காலஜிஸ்ட் என்ற பட்டத்துக்கு 1985-லிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, அதற்கு மாஸ்டர் டிகிரி வேண்டும். சமூகப்பணியாளருக்கு வேண்டியது அரசு டிப்ளமோ, மூன்று வருடப் படிப்பு. என் தங்கை இங்கே வாங்கிய எம்.எஸ்.டபிள்யூ.வோடு போய், அங்கே மறுபடி படிக்கிறாள். முதலிலேயே விசாரித்திருக்கலாம் என்று அவளே சொல்கிறாள்.

கெடிலக்கரை

வெளிநாடெல்லாம் இல்லை அண்ணா, புதுச்சேரிக்குப் போவதே எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம்தான். :) எல்லோருக்கும் நன்றி. உப்பங்கழி அக்கா சொன்ன கேஸை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் “அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பேருமே வேணுமாயிருந்திருக்கு” என்றார். ஆனால் நான் ஒருத்திதானே, எதைப் படிப்பது?

உப்பங்கழி

ஒரு வேலை செய். முடிவெடுக்கும் முன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. உனக்குத் தெரிந்த சீனியர் யாராவது எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறார்களா? களப்பணி நாளில் அவர்களோடு போ. லாஸ்பேட்டைவாசியிடமும் கேட்டுப் பார்.

எல்லையில் வேலை செய்யப் போகிறவள் என்பதால் இன்னொன்று. கடலூர்–புதுச்சேரி ரோட்டில் எல்லை தாண்டினால் அரசாங்கமே வேறு. பாகூர்ப் பக்கம் எந்த ஊர் தமிழ்நாடு, எந்த ஊர் புதுச்சேரி என்று வெளியாளுக்குப் பிடிபடாது. ஜிப்மரில் படுத்திருக்கிறவருக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருக்கும், மகளுக்குப் புதுச்சேரிக் கார்டு இருக்கும். எந்தத் திட்டம் யாருக்குச் செல்லும் என்று இரண்டு அரசு விதியும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் பாதி நோய் இந்த அலைச்சல்தான். குடிக்காக வருகிறவர்களும் அப்படியே. கடலூரில் சத்தியம் செய்து கொடுத்தவர் அரை மணி நேரத்தில் எல்லை தாண்டிவிடுவார், அங்கே சரக்கு மலிவு.

கெடிலக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் களப்பணி. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இரண்டாம் வருடம் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறார். அவரோடு போனேன். காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டி வீடு. முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. அங்கிருந்து தாலுகா அலுவலகம். மூன்று மணி நேரம் நின்றோம், ஒரு கையெழுத்துக்கு. அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், சாப்பிடப் போயிருக்கிறார், இதோ வருகிறார். மூன்றே காலுக்குக் கையெழுத்து வாங்கினோம். எனக்குக் கால் வலி, அந்த அக்கா முகத்தில் மேட்ச் ஜெயித்த மாதிரி சிரிப்பு. பாட்டியிடம் திரும்பப் போய்ச் சொன்னபோது பாட்டி உதவித்தொகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “நாளைக்கும் வருவியா?” என்று கேட்டார். அக்கா வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அப்புறம் லாஸ்பேட்டை அக்காவிடம் போனேன். அவர் வேலை செய்வதைப் பார்க்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “கதவு சாத்தியிருக்கும், வெளியில உட்காரு.” உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். உள்ளே போன ஓர் அண்ணன் போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியேதான் வெளியே வந்தார். செருப்பு மாட்டிக்கொள்ள மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் பார்த்தது. பிறகு அக்கா என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “பத்து நிமிஷம் நான் பேசுறேன், நீ யோசனை எதுவும் சொல்லாம கேளு பார்ப்போம்” என்றார். தன் மாமியாரைப் பற்றிப் பேசினார். ஆறு நிமிடம் தாங்கினேன். ஏழாவது நிமிடம் “நீங்க அவங்ககிட்ட நேரடியா பேசிப் பார்க்கலாமே” என்று சொல்லிவிட்டேன்!

லாஸ்பேட்டைவாசி

ஆறு நிமிடம் நல்ல மார்க். என் முதல் முயற்சி இரண்டு நிமிடம். (மாமியார் கதை பாதி கற்பனை, அவர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

வாத்தியார் வீடு

சரி, முடிவு என்ன? பரீட்சைத்தாள் திருத்துகிறவன் மாதிரி காத்துக்கொண்டிருக்கிறேன்.

கெடிலக்கரை

எம்.எஸ்.டபிள்யூ. சார். சீட் கிடைத்தால் காலாப்பட்டு. இரண்டாம் வருடம் மருத்துவ – மனநலப் பிரிவு எடுக்கலாம் என்று இருக்கிறேன். கவுன்சலிங் பிடிக்காமல் இல்லை. அந்த ஐம்பது நிமிடம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அந்த அண்ணன் எந்த ஊர், எப்படி வந்தார், திரும்பிப் போகப் பஸ் இருக்கிறதா என்றுதான் எனக்கு ஓடியது. உள்ளே என்ன பேசுவார்கள் என்று அவ்வளவாக ஓடவில்லை. அது ஏதோ சொல்கிறது என்று நினைக்கிறேன். கேட்கிற வித்தையை விடப் போவதில்லை. லாஸ்பேட்டை அக்கா மாதம் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், அந்த ஏழாவது நிமிடத்தைத் தாண்டுகிறேனா பார்ப்போம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொகுப்பூதியம், மார்ச் மாதப் பயம் உட்பட. “பூ வியாபாரத்துல தினமும் மார்ச் மாசம்தான்” என்றார். ஹாஸ்டலா, பஸ்ஸா என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை. புதுச்சேரி ஸ்டாண்டில் இறங்கி மறுபடி காலாப்பட்டுக்கு மாற வேண்டும் என்று அம்மா ஹாஸ்டல் கட்சி.

மஞ்சை மைதானம்

ஹாஸ்டல் போடு. களப்பணி நாளில் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

உப்பங்கழி

சந்தோஷம் கண்ணு. முதல் வாரமே புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடாதே, பழகிய பழசு போதும். பையில் ஒரு குடை, தண்ணீர், பச்சை மையில்லாத இரண்டு பேனா வைத்துக்கொள். தாலுகா அலுவலகத்தில் ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.